பதினாறாம் நாளுக்குள் நினைவு மலர்: அச்சு பிரமாதம், வாழ்க்கைக் குறிப்பு சுமார்

காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க நினைவு மலர் அடித்துத் தரும் அச்சகங்களுக்குக் கோவையில் பஞ்சமில்லை. போட்டோவையும் நாலு வரிக் குறிப்பையும் கொடுத்தால் போதும், எழுதுவது முதல் பைண்டிங் வரை எல்லாம் எங்கள் பொறுப்பு என்கிறார்கள். அப்படி ஒரு 'முழுப் பொறுப்பு' சேவை எப்படி இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். பார்வைக்கு எடுத்துக்கொண்டது, நூற்பாலையில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்காக அடித்த 48 பக்க மலர். அச்சகத்தின் பெயர் வேண்டாம். இந்தக் குறைகள் இந்தத் தொழிலுக்கே பொதுவானவை.

முதலில் நல்லது. டெம்மி 1/8 என்கிற வழக்கமான புத்தக அளவு, உள்ளே 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாள், நடுவில் 8 பக்கம் மட்டும் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் கலர் படங்கள், 300 ஜிஎஸ்எம் அட்டைக்கு மேட் லேமினேஷன், இரண்டு சென்டர் பின். தேர்வு சரியானது. 48 பக்கத்துக்குப் பெர்ஃபெக்ட் பைண்டிங், அதாவது பின் இல்லாமல் முதுகில் பசை போட்டு ஒட்டுவது, கேட்கிறவர்கள் உண்டு. முதுகு அவ்வளவு மெலிதாக இருந்தால் பசை பிடிக்க இடமே இருக்காது, இரண்டு தடவை விரித்ததும் தாள் கழன்று வரும். அட்டையை மடிக்கும் முன் மடிப்புக் கோட்டை அழுத்தி கிரீஸிங் போட்டிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் 300 ஜிஎஸ்எம் அட்டை முதுகில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். 500 பிரதி என்பதால் ஆஃப்செட். நூறு, நூற்றைம்பதுக்கு டிஜிட்டலே லாபம், பிளேட் (அச்சுத் தகடு) செலவு மிச்சம்.

பக்திப் பகுதியில்தான் முதல் சறுக்கல். சிவபுராணம் முழுதாக, 95 வரியும் இருக்கிறது. ஆனால் முதல் வரியே 'நமச்சிவாய வாழ்க' என்று நிற்கிறது. 'வாஅழ்க' என்பதைத் தட்டுப்பிழை என்று நினைத்து யாரோ 'திருத்தி'விட்டார்கள். அது அளபெடை, ஓசைக்காக எழுத்தை நீட்டுவது; எடுத்துவிட்டால் கலிவெண்பாவின் ஓசை குலையும். 'புல்லாகிப் பூடாய்' என்பதும் 'பூண்டாய்' ஆகியிருக்கிறது. தினமும் ஓதுகிறவர்கள் கையில் போகிற புத்தகம் இது. பிழை வர இன்னொரு காரணம் ஃபாண்ட். பல அச்சகங்கள் இன்னும் பழைய பேஜ்மேக்கரில், யூனிகோடு அல்லாத எழுத்துருவில் வேலை செய்கின்றன. நாம் அனுப்பும் யூனிகோடு கன்வெர்ட்டர் வழியாகப் போகும்போது 'ஸ்ரீ', 'க்ஷ', 'ௌ' போன்றவை உடைகின்றன. எனவே பதிகங்களின் புரூஃபை ஸ்கிரீனில் பார்க்காமல் தாளில் எடுத்து, பாட்டு தெரிந்த ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும்.

வாழ்க்கைக் குறிப்புக்கு வருவோம். அச்சகம் ஒரு படிவம் தருகிறது: பிறந்த தேதி, படிப்பு, பதவி, இஷ்ட தெய்வம், வாரிசுகள். அதை வைத்து அவர்கள் எழுதுவது: 'இறைபக்தி மிக்கவர், குடும்பத்தைக் கண்ணின் மணிபோல் காத்தவர், ஜவுளித் துறையில் முத்திரை பதித்தவர்.' இதில் பெயரை மாற்றினால் கோவையில் பாதிப் பேருக்குப் பொருந்தும். அவர் துணியே நெய்ததில்லை, வேலை முழுக்க நூலில். '40ஸ் கவுண்ட்' (நூலின் மெல்லிசைச் சொல்லும் எண்) என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்ததை '40 வகை நூல்' என்று மாற்றியிருக்கிறார்கள். 840 கஜச் சிட்டம் 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடை வந்தால் அது 40-ஆம் நம்பர் நூல். இது தெரியாதவர் மில்காரர் வாழ்க்கையை எழுதக் கூடாது.

இதே மலரில், கூட வேலை செய்த சூப்பர்வைசர் ஒருவர் எழுதிய ஒன்றரைப் பக்கம் மொத்தப் புத்தகத்தையும் தூக்கி நிறுத்துகிறது. காலை ஷிப்ட் மாறும் முன் நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரங்களின் வரிசையில் நடந்து, நூறு கதிருக்கு எத்தனை இழை அறுகிறது என்று தானே எண்ணுவாராம். அறுவை கூடினால் ஆளைத் திட்டுவதற்கு முன் ஈரப்பதத்தைப் பார்ப்பாராம். காற்று வறண்டால் நூல் அறும், பஞ்சு பறக்கும், அதற்கு ஆள் என்ன செய்வான்? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற தொழிலாளிகளுக்கு லீவு போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த ஷிப்டுக்கு மாற்று ஆள் பட்டியலையும் தானே எழுதுவாராம். பக்தியும் மில்லும் ஒரே இடத்தில் வந்துவிட்டன பாருங்கள். இப்படி எழுத இரண்டு பேரையாவது முதல் வாரத்திலேயே பிடித்துவிட வேண்டும். வருடங்களை நினைவிலிருந்து போடாதீர்கள். நியமன உத்தரவு, பிஎஃப் சீட்டு, பணி நிறைவுக் கேடயம் மூன்றையும் வைத்துச் சரிபாருங்கள். மில் கைமாறியிருந்தால் அவர் சேர்ந்தபோது இருந்த பெயரைத்தான் எழுத வேண்டும்.

படங்கள் பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியவை மங்கல், டாக்குமென்டாக அனுப்பியவை தெளிவு. செய்தித்தாளில் வந்த படத்தை அப்படியே ஸ்கேன் செய்ததால் புள்ளிக்குப் புள்ளி மோதி வலைபோல் தெரிகிறது. சின்ன பாஸ்போர்ட் படத்தை 600 டிபிஐயில் எடுக்கச் சொல்லுங்கள். ஆயுத பூஜையன்று சந்தனம் வைத்த ரிங் பிரேம் பக்கத்தில் அவர் நிற்கும் படம்தான் அட்டைக்கு வந்திருக்க வேண்டும். மாலை போட்ட ஸ்டுடியோ படத்தைப் போட்டுவிட்டார்கள்.

குடும்பப் பட்டியல்தான் சண்டைக்கு இடம். ஒரு மருமகன் இனிஷியல் மாறினாலும் காரியத்தன்றே பேச்சு கிளம்பும். அதைக் கலர் படங்கள் வரும் 8 பக்கத்துக்குள் வைத்தால், பிழை வந்தாலும் அந்த ஃபாரத்தை (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களை) மட்டும் மறுபடி ஓட்டலாம். 16 பக்க ஃபாரத்துக்குள் மாட்டினால் மீதிப் பதினைந்தும் வீண். இரு தரப்பிலும் ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகே பிளேட்டுக்கு விடுங்கள்.

நாள் கணக்கு: ஆறாம் நாளுக்குள் மேட்டர், எட்டில் புரூஃப், பத்தில் அச்சு. மை காய ஒரு நாளாவது விடாமல் லேமினேஷன் போட்டால் அட்டையில் மை இழுத்துக்கொள்ளும். பதினான்காம் நாள் கட்டுக் கையில் வர வேண்டும். மீதிப் பணம் கொடுக்கும் முன் பிடிஎஃப்போடு திருத்த முடிகிற ஓப்பன் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். வருஷத் திதிக்குத் திருத்திப் போட வேண்டுமென்றால், அது இல்லாமல் முதலிலிருந்து டைப் அடிக்கக் காசு கேட்பார்கள்.