எல்லை தாண்டும் ரயில்: டிக்கெட்டை எங்கே பிரித்து எடுக்கலாம், எங்கே பிரிக்கக் கூடாது

ஒரே ரயில், ஒரே பெட்டி, அடுத்தடுத்த இருக்கைகள். ஒருவர் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு விலையை இன்னொருவர் கொடுத்திருப்பார். எல்லை தாண்டும் ரயில்களில் இது வெகு சாதாரணமாக நடக்கிறது. இருவரும் ஒரே நாளில் முன்பதிவு செய்திருந்தாலும் நடக்கும். டிக்கெட்டை எந்த நாட்டு ரயில்வேயிடம் வாங்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பல ஆண்டுகளாக ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இப்படிப்பட்ட ரயில்களில் போய் வருகிறேன். டிக்கெட் எடுப்பதற்கு முன் இப்போது இரண்டு கேள்விகளைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இதை விற்பவர் யார்? வண்டி தாமதமானால் பொறுப்பு யாருடையது? முதல் கேள்வி பணத்தை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது கேள்வி அந்த மிச்சம் கையை விட்டுப் போகாமல் காப்பாற்றுகிறது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான யோசனைகள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன என்பது என் நெடுநாள் வருத்தம்.

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வியன்னா–புடாபெஸ்ட் ரயிலுக்கு ஆஸ்திரிய ரயில்வேயும் டிக்கெட் விற்கிறது, ஹங்கேரி ரயில்வேயும் விற்கிறது. பெர்லின்–பிராக் ரயிலை ஜெர்மனியும் செக் குடியரசும் தத்தம் தளங்களில் விற்கின்றன. ஒவ்வொரு ரயில்வேக்கும் தனித்தனி விலைப்பட்டியல். சலுகை டிக்கெட்டுகளுக்குத் தனித்தனி ஒதுக்கீடு. ஓரிடத்தில் மலிவு டிக்கெட் தீர்ந்துபோன அதே நாளில் மற்ற இடத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஹங்கேரியா என்ற ரயில் புடாபெஸ்ட்டில் புறப்பட்டு பிராட்டிஸ்லாவா, பிராக், டிரெஸ்டன், பெர்லின் வழியாக ஹாம்பர்க் வரை போகிறது. நான்கு நாடுகளைத் தொடும் வண்டி அது. நீங்கள் ஏறும் நாடு, இறங்கும் நாடு ஆகியவற்றோடு இடையில் கடக்கும் நாட்டின் தளத்தையும் பார்த்துவிடுங்கள். என் அனுபவத்தில், இரு நாடுகளில் எங்கே சம்பளமும் விலைவாசியும் குறைவோ, அந்த நாட்டு ரயில்வேயே பெரும்பாலும் மலிவாக விற்கிறது. இதை விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேடலை அங்கிருந்து தொடங்குவது பலன் தந்திருக்கிறது.

இடைத்தரகுத் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா நாடுகளையும் ஒரே பக்கத்தில் காட்டுவது வசதிதான். மொழித் தொல்லையும் இல்லை. ஆனால் ஒரே ரயிலுக்குப் பல ரயில்வேக்களின் விலையையும் அவை எப்போதும் ஒப்பிட்டுக் காட்டுவதில்லை. சேவைக் கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் தலை காட்டுகிறது. ஒருமுறை ரயிலே ரத்தானபோது, பணத்தைத் திரும்பக் கேட்டு ஒரு தரகுத் தளத்துக்கு எழுதினேன். ரயில்வேயிடம் கேட்கச் சொன்னார்கள். ரயில்வேயிடம் கேட்டால், விற்றவரிடம் கேளுங்கள் என்றார்கள். மாதக்கணக்கில் மின்னஞ்சல்கள் போய் வந்த பிறகே பணம் வந்தது, அதுவும் சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு. அன்று முதல், ரயில்வேயின் சொந்தத் தளம் என் அட்டையை ஏற்றுக்கொள்ளும்வரை வேறு எங்கும் வாங்குவதில்லை.

எவ்வளவு முன்னதாக வாங்க வேண்டும்? ஐரோப்பாவில் சலுகை டிக்கெட்டுகள் மாதங்களுக்கு முன்பே விற்பனைக்கு வருகின்றன. ஆனால் ஆண்டுதோறும் டிசம்பர் இரண்டாவது வார இறுதியில் கண்டம் முழுவதும் புதிய கால அட்டவணைக்கு மாறுகிறது. அந்தத் தேதிக்குப் பிந்தைய ரயில்கள், குறிப்பாக எல்லை தாண்டுபவை, பெரும்பாலும் தாமதமாகத்தான் விற்பனைக்கு வரும். நவம்பரில் தேடிப் பார்த்துவிட்டு ஜனவரியில் ரயிலே இல்லை என்று முடிவு கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சில வாரங்கள் பொறுத்தால் வண்டி தளத்தில் வந்துவிடும். ஒதுக்கீடு புதிதாகத் திறந்திருப்பதால் விலையும் குறைவாக இருக்கும்.

இந்த மலிவு டிக்கெட்டுகளில் பெரும்பாலானவை குறிப்பிட்ட ஒரு ரயிலோடு கட்டப்பட்டவை. அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. இடையில் ஓர் ஊரில் இறங்கிச் சில மணி நேரம் சுற்ற வேண்டுமானால் முன்பதிவின்போதே அந்த நிறுத்தத்தைச் சேர்க்க வேண்டும். ஜெர்மன் ரயில்வேயின் தளத்தில் இடை நிலையத்தையும் அங்கே தங்கும் நேரத்தையும் குறிக்க வசதி இருக்கிறது. டிரெஸ்டனில் அரைநாள் இறங்கிவிட்டுப் பிராக் போவதைப் பல சமயம் ஒரே சலுகை டிக்கெட்டிலேயே முடித்துவிடலாம். இந்த வசதி அதிகம் பேருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீண்ட பயணத்தை எல்லையில் இரண்டாகப் பிரித்து, இரண்டு உள்நாட்டு டிக்கெட்டுகளாக எடுத்தால் விலை கணிசமாகக் குறைவதுண்டு. ஜெர்மனியில் 2023 மே 1-ஆம் தேதி அறிமுகமான மாதச் சந்தா டிக்கெட் உள்ளூர், வட்டார ரயில்களில் செல்லும். எல்லைக்கு அப்பால் ஆஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பர்க் நிலையம் வரைக்கும் அது செல்லுபடியாகிறது. அங்கிருந்து வியன்னாவுக்கு ஆஸ்திரியச் சலுகை டிக்கெட் எடுத்தால் மொத்தச் செலவு நன்றாகவே குறையும். ஆனால் முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் என்ன ஆகும்? ஒரே டிக்கெட்டாக இருந்தால் சேருமிடம் வரை கொண்டு சேர்ப்பது ரயில்வேயின் கடமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள பயணியர் உரிமை விதிகளின்படி, ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 50 சதவீதமும் இழப்பீடு கேட்கலாம். தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் ஒவ்வொன்றும் தனி ஒப்பந்தம். இரண்டாவது ரயில்வேயைப் பொறுத்தவரை நீங்கள் வண்டிக்கு வராத பயணி, அவ்வளவுதான்.

இதற்கும் ஓர் ஆறுதல் உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா, செக், சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகளின் ரயில்வேக்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன. சர்வதேசப் பயணத்தில் தனித்தனி டிக்கெட்டுகளோடு வருபவர் தாமதத்தால் இணைப்பு ரயிலைத் தவறவிட்டால், அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் போக அனுமதிப்பார்கள். முறையான இணைப்பு நேரம் விட்டிருக்க வேண்டும். தாமதத்துக்கு அத்தாட்சி வேண்டும். ஒருமுறை இப்படி நேர்ந்தபோது, ரயில் நிற்பதற்கு முன்பே பரிசோதகரிடம் போய் அடுத்த டிக்கெட்டைக் காட்டினேன். அவர் அதன் பின்புறத்தில் ரயில் எண்ணையும் தாமதமான நிமிடங்களையும் எழுதி, கையிலிருந்த கருவியால் துளையிட்டுக் கொடுத்தார். இறங்கியதும் நிலையச் சேவை கவுன்ட்டரில் அதன்மேல் ஒரு முத்திரை வாங்கினேன். அடுத்த வண்டியின் பரிசோதகர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பக் கொடுத்தார். செல்பேசித் திரையில் மட்டும் டிக்கெட் இருந்திருந்தால் எழுதுவதற்கு இடம் ஏது? பிரித்து எடுக்கும் பயணங்களுக்கு இன்றும் அச்சிட்ட டிக்கெட்டைத்தான் எடுத்துப் போகிறேன்.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் வழி இது. இரண்டாவது கட்டத்தில் மணிக்கொரு வண்டி இருந்தால், பிரிக்கத் தயங்குவதில்லை. இரண்டாவது வண்டி அன்றைய கடைசி வண்டியாகவோ இரவு ரயிலாகவோ இருந்தால், என்ன விலையானாலும் ஒரே டிக்கெட். அது கிடைக்காவிட்டால் பல மணி நேர இடைவெளி விடுகிறேன். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்தத் தொடங்கியது. அப்படி வழியில் வண்டியை நிறுத்திவைக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆசியாவில் கணக்கே வேறு. இங்கே எல்லையில் பிரிப்பதுதான் பெரும்பாலும் இயல்பான வழி. சர்வதேச ரயில்களுக்கான கட்டணம் உள்நாட்டுக் கட்டணத்தை விட அதிகமாக இருப்பதே காரணம். மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டரிலிருந்து பெய்ஜிங் போக விரும்பும் சிக்கனக்காரர்கள், உள்நாட்டு இரவு ரயிலில் எல்லை ஊரான சாமின்-ஊத் வரை போவார்கள். அந்த எல்லையை நடந்து கடக்க அனுமதி இல்லாததால் ஜீப்பிலோ பஸ்ஸிலோ சீன எல்லை ஊரான எர்லியான் போய், அங்கிருந்து சீன உள்நாட்டு வண்டியைப் பிடிப்பார்கள். நேரடி ரயிலில் இருப்பவர்களுக்கும் அங்கே சில மணி நேரம் போய்விடும். மங்கோலியத் தண்டவாளத்தின் அகலம் 1,520 மில்லிமீட்டர், சீனாவினுடையது 1,435. பெட்டிகளைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்த் தூக்கி, சக்கரத் தொகுதிகளை மாற்றியாக வேண்டும். சீனா–வியட்நாம் எல்லையிலும் பிங்சியாங் வரை உள்நாட்டு ரயில், எல்லையைத் தாண்டி டோங் டாங், அங்கிருந்து ஹனோய் என்று பிரித்துப் போகலாம்.

தாய்லாந்து–மலேசியா வழியைத்தான் முதல்முறை போகிறவர்களுக்குப் பரிந்துரைப்பேன். பாங்காக்கில் புறப்படும் சர்வதேச விரைவு ரயில் முன்பு மலேசியாவின் பட்டர்வொர்த் வரை போய்க்கொண்டிருந்தது. 2016 டிசம்பர் முதல் எல்லையிலுள்ள பாடாங் பெசாரோடு நின்றுவிடுகிறது. அந்த நிலையம் இருப்பது மலேசிய மண்ணில். ஆனால் இரு நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளும் அதே கட்டடத்துக்குள் இருக்கிறார்கள். ஒரு மேசையில் தாய்லாந்து முத்திரை, சில அடி தள்ளி இன்னொரு மேசையில் மலேசிய முத்திரை. பையை இழுத்துக்கொண்டு அந்தச் சில அடிகளைக் கடக்கும்போது கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். இதை மறந்தால் மலேசிய வண்டி கண்ணெதிரே போய்விடும். பாடாங் பெசார் வரை வருபவை சில பெட்டிகள் மட்டுமே. அவற்றில் படுக்கைகள் தீர்ந்துவிட்டால், ஹாட் யாய் வரை வேறு ரயிலில் வந்து அங்கிருந்து எல்லைக்கு ஓடும் சிறு ரயிலைப் பிடிக்கலாம். தாய்லாந்து ரயில்களில் மேல் படுக்கை கீழ்ப் படுக்கையை விட மலிவு. ஆனால் அகலமும் குறைவு.

தெற்கே சிங்கப்பூர் எல்லையில், 2015 முதல் ஓடிவரும் ஷட்டில் தெப்ராவ் ரயிலின் கட்டணம் வேடிக்கையானது. மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து ஏறினால் 5 ரிங்கிட். எதிர்த் திசையில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து ஏறினால் 5 சிங்கப்பூர் வெள்ளி. ஐந்தே நிமிடப் பயணம், அதே தண்டவாளம். நாணய மதிப்பு வித்தியாசத்தால் ஒரு திசை மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. போக வர இரண்டுக்கும் ரயிலை நம்பாமல், சிங்கப்பூரிலிருந்து வெளியே வரும்போது பஸ்ஸை எடுப்பது சிக்கனம்.

ரயில் பாஸ் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரயில், மற்றவர்களுக்கு யூரயில். இரண்டும் 33 நாடுகளில் செல்லும். தேதிகளை முன்பே முடிவு செய்துவிட்டவருக்குச் சலுகை டிக்கெட்டுகளே மலிவாக முடியும். தோன்றிய நாளில் தோன்றிய ஊருக்குப் போகிறவருக்குப் பாஸ் பொருத்தம். ஆனால் பிரான்ஸின் அதிவேக ரயில்களிலும் இரவு ரயில்களிலும் பாஸுக்கு மேல் முன்பதிவுக் கட்டணம் உண்டு. பிரான்ஸில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கான இடங்களும் குறைவு. கோடையில் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன.

இரவு ரயிலின் விலையை ஒரு நாள் விடுதி வாடகையோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் 2016 டிசம்பரில் தொடங்கியது. ஜெர்மனி கைவிட்ட இரவு வண்டிகளில் பலவற்றை அது எடுத்து நடத்தியதால்தான் ஐரோப்பாவில் இந்த மரபு உயிரோடு இருக்கிறது. அதற்காக அந்த ரயில்வேக்கு மனதார நன்றி சொல்கிறேன். மிக மலிவான உட்காரும் இருக்கையை மட்டும் எடுக்காதீர்கள். இரவு முழுக்கத் தூங்காமல் இறங்கி அடுத்த நாளைத் தொலைப்பதற்கு, ஆறு பேர் படுக்கும் அறையில் ஓர் இடம் எவ்வளவோ மேல்.

கடைசியாக, பணம் செலுத்துவது. வெளிநாட்டில் இருக்கும்போது வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியில் வராமல் போய், கண்ணெதிரே மலிவு டிக்கெட் காலாவதியாவதுண்டு. புறப்படும் முன்பே வங்கிச் செயலியில் ஒப்புதல் தரும் வசதியைச் செயல்படுத்திவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை உள்ளிடுங்கள். தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்திருப்பவர்கள், குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் பாஸ்போர்ட்டின் அந்தக் கட்டத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே எழுத வேண்டும். பெயரும் ஆவணமும் ஒத்துப்போகாவிட்டால் டிக்கெட் செல்லாது என்று பரிசோதகர் சொல்லிவிடக்கூடும்.