ஃப்ரிட்ஜுக்கு கேஸ் அடிச்சேன்னு 6,500 ரூபாயை வாங்கிட்டுப் போயிட்டான் – நெல்லை மக்களே உஷார்

கோபத்துல கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. 6,500 ரூபாய். எங்க அம்மாவோட பென்ஷன் காசு. பாளையங்கோட்டையில எங்க வீட்டுல நடந்தது, அடுத்து உங்க தெருவுக்கும் வருவானுவ.

டபுள் டோர் ஃப்ரிட்ஜ். மேல ஃப்ரீசர்ல ஐஸ் நல்லா உறையுது, கீழ மட்டும் கூலிங் இல்லை. அடிக்கிற கத்திரி வெயில்ல ராத்திரி ஆட்டி உள்ள வச்ச மாவு விடியறதுக்குள்ள பொங்கி வழிஞ்சு கிடக்கு. கம்பெனி பேரோட சர்வீஸ் சென்டர் திருநெல்வேலின்னு நெட்ல தேடினேன். முதல்ல வந்த நம்பர்ல கம்பெனி படம், ஸ்டார், பாராட்டு எல்லாம் இருந்துச்சு. போன் எடுத்த பொண்ணும் கம்பெனி பேரைச் சொல்லித்தான் பேசுச்சு.

வந்த பையனை இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. செருப்பை வாசல்லயே கழட்டிட்டு வந்தான். கழுத்துல அடையாள அட்டை. அம்மாவைப் பாத்து, "ஆச்சி, எனக்கும் ஊரு களக்காடு பக்கம்தான், கவலைப்படாதீங்க, நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி பாத்துத் தாரேன்"ன்னான். அம்மா உடனே மோர் கலக்கிக் கொடுத்துட்டாங்க. பின்னாடி கையை வச்சுப் பாத்துட்டு, "கேஸ் சுத்தமா லீக் ஆயிருச்சு அண்ணாச்சி, இப்படியே ஓட்டினா கம்ப்ரஸர் போயிரும், அது பதினஞ்சாயிரம்"னு பயம் காட்டினான். சுவிட்சை ஆஃப் பண்ணி, ரெண்டு கதவையும் திறந்து போட்டு, மத்தியானம் வரைக்கும் பின்னாடி உக்காந்து என்னமோ பண்ணினான். கிளம்பும்போது 6,500 ரூபாய். பணம் போனது ஏதோ ஒரு தனி ஆள் பேருல உள்ள யுபிஐ-க்கு. பில்லுன்னு ஒரு துண்டுச் சீட்டு, அதுல ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, கடை முகவரியும் இல்லை.

கொஞ்ச நாள் கூலிங் நல்லா வந்துச்சு. அப்புறம் பழைய கதைதான். போன் பண்ணினா "திருச்செந்தூர்ல வேலையா இருக்கேன் அண்ணாச்சி, நாளைக்குக் காலைல முத வேலை உங்க வீடுதான்". மறுநாள் போனே எடுக்கலை. ஆபீஸ் நம்பர்ல அதே பொண்ணு, "கம்ப்ளெயின்ட் பதிஞ்சாச்சு சார்". திரும்பக் கேட்டா "கேஸுக்கு வாரண்டி கிடையாது சார்". சத்தம் போட்டதும் "நீங்க எந்த ஊர் சார்?"னு கேக்குது! அதோட என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க.

கடைசில மேலப்பாளையத்துல இருந்து தெரிஞ்ச பாய் ஒருத்தர் வந்து பாத்தாரு. ஃப்ரீசர் உள்பக்க பேனலைக் கழட்டினா, கூலிங் காயிலை மூடி ஐஸ் சுவரா நிக்குது. அந்த ஐஸை அப்பப்ப உருக்கிவிடுற டீஃப்ராஸ்ட் ஹீட்டர் போயிருக்கு. ஐஸ் உருகாம காத்து வர்ற வழியை அடைச்சதால கீழ குளிர் இறங்கலை, அவ்வளவுதான். அன்னைக்கு அவன் கதவைத் திறந்து போட்டதுல ஐஸ் உருகிருக்கு, அதனாலதான் கொஞ்ச நாள் ஓடிருக்கு. அப்புறம் கம்ப்ரஸர்ல கேஸ் ஏத்துற குழாயைக் காட்டினாரு. கம்பெனில அடைச்ச சீல் அப்படியே இருக்கு, மேல தூசிகூட கலையலை. வெட்டலை, பத்த வைக்கலை, ஒரு சொட்டு கேஸ் ஏத்தலை. ஏத்தாத கேஸுக்கு 6,500 ரூபாய்! ஹீட்டர் மாத்த பாய் கூலியோட சேத்து வாங்கினது 1,400.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியலை. இதை மட்டும் மனசுல வைங்க. சர்வீஸ் நம்பரை வாரண்டி கார்டுல இருந்தோ கம்பெனியோட சொந்த இணையதளத்துல இருந்தோ எடுங்க. ஃப்ரீசர்ல ஐஸ் நல்லா பிடிச்சு கீழ மட்டும் குளிரலைன்னா பெரும்பாலும் அது கேஸ் கோளாறு இல்லை. ஃப்ரிட்ஜ் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீராது, எங்கயாவது ஓட்டை இருந்தாத்தான் குறையும். கேஸ் இல்லைன்னு சொன்னா ஓட்டை எங்கன்னு காட்டச் சொல்லுங்க, கேஸ் அழுத்தம் பாக்குற மீட்டர் மாட்டிக் காட்டச் சொல்லுங்க. கடைக்குத் தூக்கிட்டுப் போறேன்னா, கம்ப்ரஸர்ல ஒட்டிருக்க லேபிளை முதல்ல போட்டோ எடுத்துக்கோங்க, அதை மாத்திட்டாங்களான்னு அப்புறம் ஒப்பிட்டுப் பாக்கலாம். முறையான பில் கையில வராம பணம் அனுப்பாதீங்க.

இப்படி பணம் போனா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு அடிங்க, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் ரெண்டுலயும் சொல்லிருக்கேன். அந்த நம்பர் இந்த நிமிஷமும் நெட்ல முதல்லதான் வருது. தயவுசெஞ்சு இதை உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட வாசிச்சுக் காட்டுங்க.