ரிப்போர்ட்டில் புதுசு, கையில் 40 நிமிடம்

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் பேட்டரியைப் பார்க்காமல் ஏமாறவில்லை, பார்த்துத்தான் ஏமாந்தேன், அதுதான் எரிச்சல்.

மூன்று வருடம் ஓட்டிய மெஷின், பேட்டரி மெஷினோடு கம்பெனியிலிருந்தே வந்தது, மாற்றவே இல்லை என்றார் விற்றவர். நானும் விவரம் தெரிந்தவன் மாதிரி விண்டோஸில் கட்டளை தட்டும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். டிசைன் கெபாசிட்டி, அதாவது புதுசில் பேட்டரி பிடிக்க வேண்டிய கொள்ளளவு, 50,000 மில்லிவாட் மணி (mWh). இப்போது முழு சார்ஜில் பிடிக்கும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியும் அதே 50,000. எத்தனை முறை முழுசாக சார்ஜ் ஏறி இறங்கியது என்று சொல்லும் சைக்கிள் கவுண்ட் 0. ஆஹா என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்று வருடம் ஓடிய பேட்டரி ஒரு தடவைகூட சார்ஜ் ஆகாமல் எப்படி இருக்கும்? இந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் உதித்தது. சார்ஜரைப் பிடுங்கி 40 நிமிடம் ஆகியிருக்கும், 38 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது பட்டென்று அணைந்தது. மறுபடி செருகி எழுப்பினால் 5 சதவீதம்! அப்போதுதான் ஞாபகம் வந்தது, அங்கே இருந்தவரை அவர் சார்ஜரைக் கழற்றவே விடவில்லை, அப்டேட் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த ரிப்போர்ட் பேட்டரியைச் சோதித்துச் சொல்வதில்லை. பேட்டரிக்குள் இருக்கும் சின்ன சிப் என்ன சொல்கிறதோ அதைத்தான் விண்டோஸ் எழுதித் தருகிறது. சிப்பில் இருக்கும் கணக்கை அழித்து மாற்றி எழுத முடியும், மட்டமான டூப்ளிகேட் பேட்டரியில் கணக்கே பொய்யாக இருக்கலாம். ரிப்போர்ட்டின் கீழே கெபாசிட்டி ஹிஸ்டரி என்று ஒரு பகுதி உண்டு, கொள்ளளவு நாளாக ஆகக் குறைந்து வந்தது அதில் தெரியும். என்னுடையதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பழைய பதிவை அழித்துக் கொடுத்திருக்கிறார்!

இரண்டு வாரத்தில் டச்பேடின் இடது மூலை அழுந்த மறுத்தது. தூசி என்று நினைத்து ஊதிக்கொண்டிருந்தேன் (சிரிக்காதீர்கள்). திறந்து பார்த்தால் தயாரிப்பாளர் பெயரே இல்லாத பேட்டரி, அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது, சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு வெளிச்சத்தை முழுசாக ஏற்றி அரை மணி நேரம் வீடியோ ஓட்டுங்கள், சதவீதம் சீராக இறங்குகிறதா, தாவித் தாவி இறங்குகிறதா என்று பாருங்கள். சமமான மேஜையில் வைத்தால் ஆடுகிறதா என்றும் பாருங்கள், உள்ளே பேட்டரி உப்பினால் அடிப்பக்கம் பிதுங்கலாம். பழைய மெஷினில் டிசைன் கெபாசிட்டியில் 80 சதவீதம், சில நூறு சைக்கிள் என்று இருந்தால் எனக்கு அதுதான் நம்பிக்கை தருகிறது.

விற்றவருக்குப் போன் செய்தேன். "நீங்களே செக் பண்ணித்தானே சார் எடுத்தீங்க?" என்றார்.