ஏற்காடு வளைவு போர்ட்ஃபோலியோ: கிட்ஹப் பேஜஸா, வெர்செல்லா?

ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கருவாக வைத்து, வளைவுக்கு ஒரு புராஜெக்ட் என்று, செய்த வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோ தளம் கட்டியாயிற்று. சரி, எதில் ஏற்றுவது? கிட்ஹப் பேஜஸ், வெர்செல் இரண்டுமே தளத்தை இணையத்தில் ஏற்றித் தரும் சேவைகள். சேலத்துத் தம்பி தங்கைகள் பலருக்கும் இதே குழப்பம்.

செலவு: இரண்டிலும் இலவசத் திட்டம் உண்டு. வெர்செல்லில் அது வணிகம் சாராத சொந்தத் தளத்துக்கு மட்டும்.

அளவு: பேஜஸில் தளம் 1 ஜிபிக்குள். மூடுபனி வீடியோவைச் சுருக்கிவிடுங்கள்.

வசதி: பேஜஸ் நிலையான (ஸ்டாட்டிக், அதாவது சர்வரில் நிரல் ஓடாமல் அப்படியே அனுப்பப்படும்) கோப்புகளை மட்டுமே தரும், தொடர்புப் படிவத்துக்கு வேறு சேவை தேட வேண்டும். வெர்செல்லில் சர்வர் ஃபங்ஷனே (சர்வரில் ஓடும் சிறு நிரல்) எழுதலாம். அப்புறம், கிட் கிளையை (பிராஞ்ச், நிரலின் தனிப் பிரதி) புஷ் செய்ததும், அதாவது மேலேற்றியதும், தனி முன்னோட்ட லிங்க் வரும். வளைவு அனிமேஷனை நண்பர்கள் போனில் பார்த்துத் திருத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்றால் பேஜஸ் போதும். நெக்ஸ்ட்.ஜேஎஸ் (ரியாக்ட் சார்ந்த வலைத்தளக் கட்டமைப்பு), படிவம் என்றால் வெர்செல்.