பழைய காரின் பின்பக்க பேனலை மாற்றக் கொடுக்கிறீர்களா? வெல்டிங்குக்கு முன்னால் கதவை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் பழைய ஃபியட், அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிடுங்கள். ஏழு மாதமும் 95,000 ரூபாயும் எனக்குப் போயிற்று. பட்டறையின் பெயரைப் போடவில்லை. வேலையை எப்படிக் கெடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்தவர் தப்பிக்க முடியும், அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

வண்டி 1978 மாடல் பிரீமியர் பத்மினி. அப்பா அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. 1089 சிசி இன்ஜின் இன்றைக்கும் ஒரே செல்ஃபில் எடுக்கும். பாடிதான் போய்க்கொண்டிருந்தது. நம் ஊர் ஈரம் தெரியும்தானே. ஐப்பசி, கார்த்திகை மழை ஒருபக்கம், வெயிலே காணாத பனிமூட்ட நாட்கள் ஒருபக்கம். பின் சக்கரத்துக்கு மேலே உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்து மடியும் விளிம்பில் சேறு போய் உட்கார்ந்துகொள்ளும், காயவே காயாது. வெளியில் பார்த்தால் பெயிண்டில் சின்னக் கொப்புளம்தான். விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது.

பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் குவார்ட்டர் பேனலை (பின் கதவுக்குப் பின்னால், சக்கரத்துக்கு மேலே வரும் வெளித்தகடு) மாற்றி, முழுப் பெயிண்ட் அடித்து 95,000 என்றார். முன்பணம் 60,000. பத்மினி உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, புதுப் பேனல் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான். கோயம்புத்தூர் உக்கடத்தில் நல்ல கட் பீஸ், அதாவது வேறொரு பழைய வண்டியிலிருந்து வெட்டியெடுத்த தகடு, எடுத்து வருகிறேன் என்று அவர் சொன்னதை நம்பினேன்.

மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தேன். நான்கு கதவையும் டிக்கி மூடியையும் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். சக்கரங்கள் இல்லை. வண்டியின் நடுவயிற்றில் இரண்டு மரக்கட்டை கொடுத்துத் தூக்கி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கப் பேனலும் ஒரே நேரத்தில் வெட்டப்பட்டு, பின்பகுதி எலும்புக்கூடாக நின்றது. வேலை வேகமாக நடக்கிறது என்று சந்தோஷப்பட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். பத்மினிக்கு ஜீப் மாதிரி தனிச் சேஸிஸ் கிடையாது. அம்பாசிடருக்கும் கிடையாது. தரை, தூண், கூரை, பின்பக்கத் தகடு எல்லாம் சேர்ந்துதான் எடையைத் தாங்குகின்றன. இரண்டு பக்கத் தகட்டையும் வெட்டிவிட்டு நடுவில் மட்டும் முட்டுக் கொடுத்தால் பின்பக்கம் மெல்லத் தொங்கும். கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த நிலையிலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்தால் அந்தக் கோணல் வண்டிக்கு நிரந்தரமாகிவிடும். எங்கள் வண்டியில் அதுதான் நடந்தது. போதாததற்குக் கேஸ் வெல்டிங்கை ஒரே இழுப்பாக நீளத்துக்கு இழுத்திருக்கிறார்கள். மெல்லிய தகடு அந்தச் சூட்டுக்கு அலை அலையாக நெளிந்துவிட்டது.

அதன்பிறகுதான் கதவை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். இடது பின் கதவின் மேல் இடைவெளியில் சுண்டுவிரல் நுழைந்தது. கீழே உரசியது. ஓங்கி அடித்தால்தான் பூட்டும். கேட்டதற்கு, "பெயிண்ட் முடிஞ்சு பீடிங் போட்டா எல்லாம் லெவல் ஆயிடும் சார்" என்றார். பீடிங் என்பது கதவு வாசலைச் சுற்றிப் போடும் ரப்பர் பட்டை. புது பீடிங் பழையதைவிடத் தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும், கதவை இன்னும் வெளியேதான் தள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கீலைக் கடப்பாரையால் நெம்பினார்கள். அதுவும் போதாமல் கதவின் விளிம்பையே கிரைண்டரால் தேய்த்தார்கள். நல்ல கதவு அது, ஒரு துளி துரு இருந்ததில்லை. மிச்சத்தைப் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) வைத்து மூடிவிட்டார்கள்.

அப்புறம் ஐந்து வாரம் வண்டி பெயிண்டுக்கு அடியில் பூசும் வெறும் பிரைமரோடு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பட்டியும் சரி, பிரைமரும் சரி, ஈரத்தை உறிஞ்சும். நம் மலையில் அந்தப் பனியில் போட்டு வைத்தால் தண்ணீரை உள்ளே விட்டு மேலே பெயிண்டால் மூடுகிற கதைதான்.

வண்டியை அவர்கள் திருப்பிக் கொடுத்த அன்று பளபளவென்று இருந்தது. பாக்கி 35,000த்தையும் கொடுத்துவிட்டேன். மறுவாரம் மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியார் கிட்டே ஒரு வளைவில் பின் கண்ணாடி கீழ் மூலையிலிருந்து விரிசல் விட்டது. கல் எதுவும் படவில்லை. அடுத்த மழைக்கு டிக்கியில் தண்ணீர். இரண்டாம் மாதம் சக்கரத்துக்கு மேலே அதே இடத்தில் கொப்புளம்.

திரும்பப் போய்க் கேட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்." அவ்வளவுதான் பதில்.

மேட்டுப்பாளையத்தில் நாற்பது வருடமாக டிங்கரிங் செய்யும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். காந்தத்தைத் துணியில் சுற்றி மெல்ல ஓட்டினார். சக்கரத்துக்கு மேல் ஒரு சாண் அகலத்துக்கு அது ஒட்டவே இல்லை. சுரண்டினால் அரை அங்குலப் பட்டி. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி வைக்கவே கூடாது என்றார். வலது பக்கம் பேனலை முழுதாக மாற்றவே இல்லை. வெட்டிய இடத்தின் கீழ்ப்பாதியில் பழைய துருவின் மேலேயே தகடு வைத்து ரிவெட் அடித்திருந்தார்கள். கதவை நாலு தரம் திறந்து மூடிவிட்டுச் சொன்னார்: "கதவு மேல குத்தமே இல்ல தம்பி. கதவு உக்கார்ற வாசல் கோணிப்போச்சு. வாசலை விட்டுட்டுக் கதவைப் போட்டு அறுத்திருக்காங்க."

அவர் அதைச் சரிசெய்த விதத்தை நான் கூடவே இருந்து பார்த்தேன். முதலில் கீல் பின்களை மாற்றினார். கீல் தேய்ந்து கதவு தொங்கினால் எந்த இடைவெளியை அளந்தாலும் பொய்யளவுதான். பிறகு வண்டியை அதன் எடை சக்கரங்களில் இறங்குகிற மாதிரியே சமதரையில் நிறுத்தினார். கதவு வாசல், டிக்கி வாசல், பின் கண்ணாடிச் சட்டம் மூன்றிலும் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். இழுத்து நேராக்கிய பிறகு கதவு வாசலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாயை டாக் (தற்காலிகமான சின்ன வெல்டிங் புள்ளி) வைத்து இறுக்கினார். அதற்கப்புறம்தான் வெட்டினார், அதுவும் ஒரு பக்கம் மட்டும். அது முடிகிற வரை மறுபக்கத்தைத் தொடவில்லை.

அடுத்த இரண்டு நாள் வெல்டிங் மெஷினை அவர் எடுக்கவே இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கட் பீஸை கிளாம்பிலும் சின்ன ஸ்க்ரூவிலும் நிறுத்தி, கதவை மாட்டி, பீடிங் போட்டு, டிக்கியை மூடி, கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கழற்றினார், ஒரு நூல் அளவு தட்டி நகர்த்தினார், மறுபடி மாட்டினார். பின் கதவை குவார்ட்டர் பேனலுக்குச் சேர்த்து, முன் கதவைப் பின் கதவுக்குச் சேர்த்து, கடைசியில் முன் மட்கார்டுக்கு வந்தார். பேனல்தான் வெல்டிங்கில் அசையாமல் நிற்கப்போவது, மற்றதெல்லாம் போல்ட்டில் நகரும். அதனால் பின்னாலிருந்துதான் முன்னால் வரவேண்டும் என்றார். சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி ஒரே சீராக வந்த பிறகு, பெட்ரோல் டேங்கை இறக்கிவிட்டு வெல்டிங்கை ஆரம்பித்தார். இங்கே ஒரு புள்ளி, ஒரு முழம் தள்ளி ஒரு புள்ளி, தகடு ஆறும்வரை காத்திருந்து அடுத்தது.

இதற்கு எனக்கு இன்னும் 80,000 ஆயிற்று. தேய்த்த கதவைக் காப்பாற்ற முடியவில்லை, வேறு கதவு தேடி வாங்கினோம்.

நீங்கள் வண்டி விடும்போது பாடி வேலைக்கும் பெயிண்டுக்கும் பணத்தைத் தனித்தனியாகப் பேசுங்கள். பட்டி வைப்பதற்கு முன், வெறும் இரும்பாக, கதவுகள் மாட்டிய நிலையில் வண்டியை நேரில் பார்த்த பிறகே அடுத்த தொகை என்று சொல்லிவிடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத பட்டறையில் விடாதீர்கள். வண்டியை விடும் முன்பே கதவு இடைவெளிகளை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். பில் கேளுங்கள். எனக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டுதான். நல்லவேளை, பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்தேன், வாட்ஸாப்பில் படங்களும் இருந்தன. அவற்றை வைத்து ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும்.

பெரியவர் சுவரில் எழுதிய குறுக்களவுகளை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நான்கு கதவு வாசல், டிக்கி, பின் கண்ணாடி எல்லாம் இருக்கிறது. பத்மினி வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.