வசந்தம் பார்க்க: ஹை பார்க் செர்ரியா, ஒட்டாவா டியூலிப்பா?

டொராண்டோக்காரர்கள் ஏப்ரல் பிறந்ததும் கேட்கும் கேள்வி இது. மாதக்கணக்கில் பனியும் சாம்பல் வானமும் பார்த்த கண்ணுக்கு, டொராண்டோவின் ஹை பார்க் பூங்காவில் பூக்கும் செர்ரி மரங்கள், தலைநகர் ஒட்டாவாவின் டியூலிப் பூக்கள் இரண்டுமே விருந்து.

பயணம்
செர்ரி: ஹை பார்க் சப்வே நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். உச்ச நாட்களில் காரை உள்ளே விடமாட்டார்கள்.
டியூலிப்: சுமார் 450 கி.மீ. ஓர் இரவு தங்குவதே நல்லது.

செலவு
இரண்டுக்கும் கட்டணமில்லை. ஒட்டாவாவுக்குப் பெட்ரோலும் அறை வாடகையும் சேரும்.

நம்பகம்
செர்ரி: ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கம். உச்சம் ஏறக்குறைய ஒரு வாரம். பலத்த மழைக்காற்று வந்தால் அதுவும் இல்லை. உறைபனி மொட்டைக் கருக்கினால் அந்த ஆண்டே வீண்.
டியூலிப்: முன்னே பூப்பவை, பின்னே பூப்பவை எனக் கலந்து நடுவதால் மே மாதத்தில் ஏதாவதொரு பாத்தி நிறைந்திருக்கும்.

பின்னணி
செர்ரி: 1959இல் டோக்கியோ மக்கள் தந்த மரங்களில் தொடங்கியது.
டியூலிப்: போர்க்காலத்தில் நெதர்லாந்து இளவரசி ஜூலியானா ஒட்டாவாவில் தஞ்சமடைந்திருந்தார். 1943இல் அங்கே மகள் மார்கிரீட் பிறந்தபோது, குழந்தைக்கு டச்சுக் குடியுரிமை மட்டுமே இருக்கட்டும் என்று கனடா அரசு மருத்துவமனை அறைகளைத் தன் எல்லைக்குள் சேராதவையாக அறிவித்தது. நன்றியாக 1945இல் 1,00,000 கிழங்குகள் வந்தன. இன்றும் ஆண்டுதோறும் வருகின்றன. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை ஏது?

வார நாளில் விடியற்காலையில் கிளம்ப முடிந்தவர்களுக்கு ஹை பார்க். வயதான பெற்றோரோடு, முன்கூட்டியே விடுப்பு எடுத்துப் போகிறவர்கள் ஒட்டாவாவில் டியூலிப் பாத்திகள் உள்ள டவ்ஸ் ஏரிக்கரைக்குப் போங்கள். அங்கே நடைபாதை சமதளம். மே மாதக் காற்றுக்கு ஒரு ஜாக்கெட் மட்டும் மறக்காதீர்கள்.