அறுபதைத் தாண்டி இணையத்தில் துணை தேடுவது: பினாங்கிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

அரசாங்க மருத்துவமனையில் தாதியாக வேலை செய்து 60 வயதில் ஓய்வு பெற்றவள் நான். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் கோலாலம்பூரில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து துணை தேடும் செயலிகளையும் திருமணத் தகவல் தளங்களையும் விட்டுவிட்டுப் பயன்படுத்தி வருகிறேன். இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முப்பது வயதுக்காரர்கள். எந்தச் செயலியில் படம் அழகாகத் தெரியும் என்று அவர்கள் சொல்வதை வைத்துக்கொண்டு நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நம் வயதில், தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறோமோ அதற்கேற்ற ஆட்கள்தான் வருகிறார்கள். 'ஓய்வு பெற்ற தாதி' என்று எழுதியிருந்தவரை எனக்கு வந்த செய்திகளுக்குக் குறைவில்லை. வணக்கம் சொன்ன மறுநாளே சர்க்கரை அளவைச் சொன்னவர்கள் உண்டு. ஒருவர் தம் முழங்கால் எக்ஸ்ரேயை அனுப்பி வைத்தார். (எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. முழங்கால்தான் தேறாது.) சரி என்று 'அரசாங்க ஓய்வூதியர்' என மாற்றினேன். நோயாளிகள் விலகினார்கள், கடல் எண்ணெய் மேடைப் பொறியாளர்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாரும் மனைவியை இழந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே மகள், எல்லாரும் நடுக்கடலில். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவருக்கு மாத ஓய்வூதியமும் மொத்தமாகப் பணிக்கொடையும் உண்டு என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது.

கடைசியில் தொழிலை எழுதாமல், 'காலை நடை, பூச்செடி, பழைய வானொலிப் பாடல்கள்' என்று மட்டும் போட்டேன். அதன்பிறகு வாரக்கணக்கில் யாருமே எட்டிப்பார்க்காத காலமும் இருந்தது. ஆனால் வந்த சிலர் என்ன செடி, எந்தப் பாடகர் என்று கேட்டார்கள். பேச்சு நடந்தது.

பொறியாளர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலேசியாவில் இந்தக் காதல் மோசடியில் பணத்தை இழப்பவர்களில் நம் வயதினரும் இருக்கிறார்கள். கதை எப்போதும் ஒன்றுதான். செயலியை விட்டு வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்வார்கள். காலையும் மாலையும் விசாரிப்பார்கள். காணொளி அழைப்புக்கு மட்டும் கேமரா கெட்டுப்போயிருக்கும். பிறகு ஒரு பரிசுப் பொட்டலம் சுங்கத் துறையில் மாட்டிக்கொள்ளும், 'அதிகாரி' ஒருவர் தொலைபேசியில் அழைத்து ஒரு தனிநபர் வங்கிக் கணக்கின் எண்ணைக் கொடுப்பார். சுங்கத் துறை தனிநபர் கணக்கில் பணம் வாங்குவதில்லை. இப்போது பொட்டலத்தை விட்டுவிட்டு முதலீட்டுக்கு மாறியிருக்கிறார்கள்: உங்களுக்கும் சொல்லித் தருகிறேன், கொஞ்சம் போட்டுப் பாருங்கள் என்பார்கள்.

நான் செய்வது இதுதான். படத்தை வைத்தே இணையத்தில் தேடித்தரும் கூகுள் லென்ஸில் அவர்கள் படத்தைப் போட்டுப் பார்ப்பேன். யாரோ ஒருவரின் விளம்பரப் படமாகவோ வெளிநாட்டு மருத்துவரின் படமாகவோ அது இருந்தால் உடனே தெரிந்துவிடும். கணக்கு எண் வந்தால் அதைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டுவேன். அந்த எண்ணின் மேல் புகார் இருந்தால் காட்டும். காட்டவில்லை என்பதால் கணக்கு சுத்தம் என்று ஆகிவிடாது, புதிய கணக்காக இருக்கலாம். பணம் போய்விட்டதென்றால் 997. 2022இல் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க வழி உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு மகன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. என் தோழி ஒருவர் காத்திருந்தார்.

இனி சேவைகள். பம்பிள் என்ற துணை தேடும் செயலியில் பெண்தான் முதலில் பேச வேண்டும் என்ற விதி இருந்தது, 2024இல் தளர்த்தினார்கள். வார்டில் இருபது பேரை அதட்டிப் பழகிய எனக்கு அது சிரமமாக இல்லை, என் தோழிகளுக்குக் கை வரவில்லை. அதில் என் வயதுத் தமிழர்கள் அரிது. முகநூலின் டேட்டிங் பகுதி இலவசம். முகநூல் நண்பர்களை அது நமக்குக் காட்டாது, நண்பர்களின் நண்பர்களையும் மறைத்து வைக்கலாம். தீவுத் தமிழர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் உறவாக இருக்கும் ஊரில் இந்த வசதியின் அருமை புரியும். தூரத்தை மட்டும் தாராளமாக வையுங்கள். தீவோடு நின்றால் ஆள் இல்லை. பட்டர்வொர்த், கூலிம், சுங்கைப் பட்டாணி வரை விரித்த பிறகுதான் எனக்கு மனித முகங்கள் தெரிந்தன. கோலாலம்பூர் வரை விரிப்பது வீண். பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேரப்பிள்ளைகளுக்காகப் போகலாம், ஒரு கோப்பிக்காகப் போக முடியாது.

திருமணத் தகவல் தளங்களில் நட்சத்திரமும் சாதியும் கேட்கிறார்கள். இந்த விவரத்தைப் பதிவு செய்பவர் பெற்றோரா, உடன்பிறந்தவரா என்றும் கேட்கிறார்கள். என் பெற்றோர் இருந்தால் நூறு வயதுக்கு அருகில் இருப்பார்கள். எதிர்ப்பக்கம் பெரும்பாலும் மகள்கள் பதிவு செய்கிறார்கள். ஒரு மகள் என்னைத் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் நேர்காணல் செய்தார். அப்பாவுக்கு உப்பு குறைத்துச் சமைப்பீர்களா ஆன்ட்டி, ராத்திரியில் எழுந்தால் துணைக்குப் போவீர்களா ஆன்ட்டி. அதற்கு மாதச் சம்பளத்துக்கு ஆள் கிடைப்பார்கள் அம்மா என்றேன். அப்பாவிடம் பேசவே விடவில்லை. பாவம், அவர் நல்லவராகக்கூட இருந்திருக்கலாம்.

கட்டணம் கட்டுபவர்களுக்கு ஒன்று: செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. கூகுள் பிளேயிலோ ஆப்பிள் கணக்கிலோ போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். ஒரு நிறுவனம் என்னிடம் இப்படித்தான் பணம் பிடித்துக்கொண்டே இருந்தது.

முதல் சந்திப்புக்குத் தண்ணீர்மலைப் பக்கமுள்ள தாவரவியல் பூங்காவைத்தான் சொல்வேன். 1884இல் உருவான பூங்கா, நுழைவுக் கட்டணம் இல்லை, காலையில் ஆள் நடமாட்டம் நிறைய. லிட்டில் இந்தியாவில் சந்தித்தால் மாலைக்குள் மாமியார் வீட்டுக்குச் செய்தி போய்விடும். பூங்காவில் எனக்கு இன்னொரு லாபமும் உண்டு: ஒரு மனிதர் மேட்டில் எப்படி ஏறுகிறார், எங்கே மூச்சு வாங்க நிற்கிறார், நான் பின்தங்கினால் நிற்கிறாரா என்று பார்த்துவிடலாம். குரங்கைக் கல்லெறிந்து விரட்டியவரை அத்தோடு விட்டேன்.

பிள்ளைகளின் பயம் வீட்டைப் பற்றியது. அதைக் கேலி செய்ய வேண்டாம். முஸ்லிம் அல்லாதாரின் மறுமணத்தையும் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, அந்தத் திருமணத்தைக் கருதியே எழுதப்பட்டிருந்தாலொழிய, பழைய உயில் திருமணத்தோடு செல்லாமல் போகும். புதிதாக எழுதாமல் இறந்துவிட்டால், பெற்றோர் உயிரோடு இல்லாத நிலையில், துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பதிவே செய்யாமல் சேர்ந்து இருப்பவருக்கு அந்தப் பங்கீட்டில் ஒன்றுமில்லை. பூங்கா நடை கோப்பிக் கடை வரை நீண்டுவிட்டால் இந்தப் பேச்சை எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் மறைந்துபோனவர்கள் உண்டு. அதனால் எனக்கு நேரம் மிச்சம்.

சுங்கைப் பட்டாணியில் ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் மறையவில்லை. தம் உயில் எழுதியிருக்கிறது, வீடு மகன்களுக்கு, எனக்கு அதில் பங்கு இருக்காது, பரவாயில்லையா என்று நேராகக் கேட்டார். என் வீடு எனக்குப் போதும் என்றேன். வாரம் ஒரு நாள் அவர் இங்கே வருகிறார், அல்லது நான் பாலம் கடந்து போகிறேன். பதிவு செய்யலாம் என்பது அவர் விருப்பம், நான் இன்னும் சம்மதிக்கவில்லை. என் மகனுக்குத் தெரியும். மகளுக்குத் தீபாவளிக்கு வரும்போது சொல்லப்போகிறேன். கட்டணச் சேவைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். புதிதாகத் தொடங்குபவர்கள் இலவசமானதில் தொடங்கி, தூரத்தைத் தாராளமாக வைத்து, தொழில் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.